ரோமில் இரண்டு பகல்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

ஐரோப்பாச் சுற்றுலா கிளம்பும் நம்மவர்களுக்கு ரோம் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். பாரிஸ், சுவிஸ், வெனிஸ் எல்லாம் முடிந்து, கால் வலியும் கைச்செலவும் எல்லை தாண்டிய பிறகு இரண்டு பகல் மிஞ்சும். அந்த இரண்டு பகலுக்கு எல்லோரிடமும் ஒரே பட்டியல்தான் இருக்கிறது: முதல் நாள் கொலோசியம், மறுநாள் வாடிகன், நடுவில் ட்ரெவி நீரூற்றில் ஒரு காசு. மூன்றும் பெரிய இடங்கள், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு நாளையும் வரிசையிலும் வெயிலிலும் கரைத்துவிட்டு, "போனோம், ஃபோட்டோ எடுத்தோம், என்ன பார்த்தோம் என்றுதான் தெரியவில்லை" என்று சொல்பவர்கள் அதிகம்.

குறை அவர்களுடையது இல்லை. ரோமில் பழைய கட்டடங்கள் ஒரே நிலையில் நிற்கவில்லை. சில முழுசாக நிற்கின்றன. சில எலும்புக்கூடு. சிலவற்றின் பளிங்கு முழுவதும் வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது. முன்கூட்டிப் படித்துவிட்டு வருகிறவருக்கு மட்டுமே பேசும் இடங்கள் உண்டு. ஒன்றுமே தெரியாமல் வந்து நிற்பவரையும் வாய்பிளக்க வைக்கும் இடங்களும் உண்டு. இரண்டு நாளுக்குத் தேர்வு செய்யும்போது "எது அதிகப் புகழ்?" என்ற கேள்வியைவிட "எது போய் நின்றதும் புரியும்?" என்ற கேள்வி உதவும் என்பது என் கட்சி. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நான்கு தேர்வுகளைப் பார்க்கலாம்.

கொலோசியம், ஃபோரம், பாலடைன் குன்று

மூன்றுக்கும் சேர்த்து ஒரே நுழைவுச்சீட்டு. சாதாரணச் சீட்டு 18 யூரோ, 24 மணி நேரம் செல்லும். அரங்கின் தளத்துக்கோ அதன் அடியில் உள்ள நிலவறைக்கோ போக வேண்டுமென்றால் தனிச் சீட்டு. விலை சற்றுக் கூடுதல். சீட்டில் பெயர் அச்சாகியிருக்கும், வாசலில் பாஸ்போர்ட் கேட்பார்கள்.

நீரோ மன்னன் தன் மாளிகைத் தோட்டத்துக்காக வெட்டிய செயற்கை ஏரியின் இடத்தில் எழுந்தது கொலோசியம். பின்னால் வந்த மன்னர் வெஸ்பாசியன் கட்டத் தொடங்கினார்; மகன் டைட்டஸ் கி.பி. 80-இல் திறந்து, நூறு நாள் கேளிக்கை நடத்தினார். வெறுக்கப்பட்ட மன்னனின் சொந்த நிலத்தை மக்களுக்கே திருப்பித் தருகிறோம் என்று காட்டிக்கொண்ட அரசியல் அது. சுமார் 50,000 பேர் உட்காரலாம். பொதுமக்கள் வாயில்களுக்கு மேலே எண் வெட்டியிருந்தார்கள், சில எண்கள் இன்றும் தெரிகின்றன. சுவரெங்கும் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் இருக்கும். கல்லையும் கல்லையும் பிணைத்திருந்த இரும்புப் பட்டைகளை இடைக்காலத்தில் தோண்டி எடுத்துக்கொண்ட தடம் அது. ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் நிற்பதற்குக் காரணம், 1349 நிலநடுக்கத்தில் தென்புற வெளிச்சுவர் சரிந்தது. சரிந்த கல்லெல்லாம் ஊருக்குள் தேவாலயங்களாகவும் அரண்மனைகளாகவும் மாறிவிட்டது.

இதுவரை நான் சொன்ன அத்தனையையும் வெளியே நின்றே பார்க்கலாம், காசு கொடுக்காமல். சாதாரணச் சீட்டில் உள்ளே போனால் என்ன கிடைக்கும்? இரண்டு அடுக்கில் சுற்றி நடந்து கீழே எட்டிப் பார்ப்பீர்கள். மணல் பரப்பிய மரத்தளம் எப்போதோ போய்விட்டது. கண்ணில் படுவது அதன் அடியில் இருந்த சுவர்களின் குழப்பம். விலங்குகளையும் ஆட்களையும் கையால் சுற்றும் தூக்கிகளில் மேலே ஏற்றிய இயந்திர அறைகள் அவை. மேலிருந்து பார்த்தால் எதற்கு எது என்று பிடிபடாது. கீழே இறங்கினால்தான் பிடிபடும். ஆகவே நிலவறைச் சீட்டு கிடைத்தால் உள்ளே போங்கள். கிடைக்காவிட்டால் வெளியே ஒரு முழுச் சுற்று நடந்து, எதிரே மேட்டில் இருக்கும் சாலையிலிருந்து ஒருமுறை பார்த்துவிட்டு நகருங்கள். கொலோசியத்துக்கு உள்ளேயே போகாமல் ரோமிலிருந்து திரும்புவதா என்று மாமியார் கேட்பார்தான். கேட்கட்டும்.

ஃபோரம் இன்னும் சிக்கல். சந்தை, நீதிமன்றம், கோயில், பேரவை எல்லாம் ஒரே பள்ளத்தில் ஆயிரம் ஆண்டு நெருக்கியடித்துக் கிடந்த இடம். அப்புறம் மண் மூடி, மாடு மேயும் திடலானது. அந்தோனினஸ், பௌஸ்தினா கோயிலைப் பாருங்கள். தூண்களுக்குப் பின்னால் ஒரு தேவாலயம் நுழைந்திருக்கிறது, அதன் கதவு தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில் அந்தரத்தில் தொங்குகிறது. கதவு வைத்த காலத்தில் தரை அவ்வளவு உயரத்தில் இருந்தது. பின்னால் தோண்டியபோது தரை இறங்கிவிட்டது, கதவு அங்கேயே நின்றுவிட்டது. இந்த ஒரு காட்சி போதும் ஃபோரத்தின் கதையைச் சொல்ல. மற்றபடி மூன்று தூண் இங்கே, எட்டுத் தூண் அங்கே என்று கிடக்கும். வழிகாட்டி இல்லாமல் உள்ளே நடப்பவருக்கு அரை மணியில் அலுத்துவிடும். நிழலும் குறைவு.

இதே ஃபோரத்தை மேலிருந்து பார்த்தால் வரைபடம் விரித்தது போலத் தெளிவாகத் தெரியும். கேப்பிடோலைன் குன்றில் நகர மன்றக் கட்டடத்தின் இருபுறமும் இறங்கும் பாதைகளில் நின்றால் முழுப் பள்ளமும் கண்ணில் விழும், கடைசியில் கொலோசியம். சீட்டு வேண்டாம், வரிசை இல்லை. மாலை வெயிலில் இன்னும் நன்றாக இருக்கும்.

தமிழ் வாசகருக்கு ஒரு விஷயம் மட்டும் தனியாக. ஃபோரத்தின் ஓரத்தில் மூன்று ராட்சத வளைவுகளோடு நிற்கும் மக்சென்டியஸ் மன்றத்துக்கு அடியில், டொமிஷியன் மன்னன் காலத்து மிளகுக் கிடங்கு இருந்தது. முசிறியில் ஏறிய மிளகு செங்கடல் வழியாக எகிப்துக்குப் போய், நைல் நதியில் இறங்கி, அலெக்சாந்திரியாவில் கப்பல் மாறி வந்து சேர்ந்த இடம் இது. நம் ஊரில் கோயம்புத்தூர், கரூர் பக்கம் மண்ணுக்குள்ளிருந்து கிளம்பும் ரோமானியக் காசுகளின் மறுமுனை. கி.பி. 408-இல் கோத் இனத் தலைவன் அலாரிக் ரோமை முற்றுகையிட்டபோது, விலகிப் போவதற்குக் கேட்ட பட்டியலில் பொன், வெள்ளி, பட்டோடு 3,000 ராத்தல் மிளகும் இருந்தது. ஃபோரத்துக்குள் போக எனக்கு ஒரு காரணம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். ஆனால் இது மனதுக்கான காரணம். கண்ணுக்கு அங்கே பெரிதாக ஒன்றுமில்லை.

வாடிகன்

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். புனித பேதுரு பேராலயம் வேறு, வாடிகன் அருங்காட்சியகம் வேறு. பேராலயத்துக்கு நுழைவு இலவசம், பாதுகாப்புச் சோதனை வரிசை மட்டும்தான். சிஸ்டைன் சிற்றாலயம் இருப்பது அருங்காட்சியகத்தின் கோடியில். அதற்குச் சீட்டு 20 யூரோ, முன்பதிவுக்கு மேலே 5. இரண்டுக்கும் வாசல் வெவ்வேறு, மதில் ஓரமாகச் சுற்றி நடக்க வேண்டும். இது தெரியாமல் ஒரு வரிசையில் ஒரு மணி நேரம் நின்று தப்பான வாசலுக்கு வந்து சேர்கிறவர்கள் தினமும் உண்டு.

தூத்துக்குடியிலிருந்தோ வேளாங்கண்ணிப் பக்கத்திலிருந்தோ வரும் கத்தோலிக்கக் குடும்பத்துக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை. பேதுருவின் கல்லறைக்கு மேல் எழுந்த ஆலயம் அவர்களுக்கு முதலிடம், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. புதன்கிழமை திருத்தந்தையின் பொதுச் சந்திப்பு நடக்கும். காண விரும்புகிறவர்கள் அந்த நாளை வைத்துத் திட்டமிடலாம், ஆலயத்தை நிதானமாகப் பார்க்க நினைப்பவர்கள் அந்தக் காலையைத் தவிர்க்கலாம்.

மற்றவர்கள் யோசிக்க வேண்டியது அருங்காட்சியகத்தைத்தான். ஆண்டுக்கு 60 லட்சம் பேருக்கும் மேல் வருகிறார்கள். ஒருவழிப் பாதை மாதிரியான நீண்ட நடைக்கூடங்கள்; உச்சப் பருவத்தில் தீபாவளிக்கு முந்தைய ராத்திரி பேருந்து நிலையத்தில் நகர்வது போலத்தான் நகர்வீர்கள். எல்லோரும் சிஸ்டைன் கூரையை நோக்கி ஓடுவதால் வழியில் இருக்கும் பொக்கிஷங்களைக் கூட்டம் கடந்து போய்விடுகிறது. லாவகூன் சிலையின் முன்னால் நில்லுங்கள்: பாம்புகள் சுற்றிய தந்தையும் இரு மகன்களும். 1506-இல் ஒரு திராட்சைத் தோட்டத்தில் தோண்டியபோது வெளிப்பட்டது. செய்தி கேட்டுப் பார்க்கப் போனவர்களில் மைக்கலாஞ்சலோவும் ஒருவர். இரண்டு ஆண்டு கழித்து அவரே சாரத்தில் ஏறி சிஸ்டைன் கூரையைத் தீட்டத் தொடங்கினார், 1512-இல் முடித்தார். அந்தக் கூரையில் முறுகித் திரும்பும் உடல்களைப் பார்க்கும்போது லாவகூன் நினைவுக்கு வந்தால், கொடுத்த 25 யூரோ வீண் இல்லை. பலிபீடச் சுவரில் அவர் தீட்டிய இறுதித் தீர்ப்பு ஓவியம் அதற்கும் இருபத்தொன்பது ஆண்டு பிந்தியது, 1541-இல் முடித்தது. கூரையில் இருக்கும் நம்பிக்கை அந்தச் சுவரில் இல்லை.

பழைய ரோமைத் தேடி வருகிறவருக்கு வாடிகன் நேரடி விடை இல்லை. பேராலயம் 1506-இல் தொடங்கி 1626-இல் அர்ச்சிக்கப்பட்டது. ஆனால் சதுக்கத்தின் நடுவில் நிற்கும் ஒற்றைக்கல் தூண் எகிப்திலிருந்து கலிகுலா மன்னன் கொண்டுவந்தது. முதலில் பக்கத்தில் இருந்த தேரோட்டத் திடலில் நின்றது. 1586-இல் சுமார் 900 ஆட்களும் குதிரைகளும் கயிறுமாக இழுத்து இப்போதைய இடத்தில் நிறுத்தினார்கள்.

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சேலைக்குப் பிரச்சினையே இல்லை, கையில்லாத ரவிக்கை என்றால் முந்தானையைப் போர்த்திக்கொண்டால் போதும். அரைக்கால்சட்டை போட்டுவரும் ஆண்கள்தான் வாசலில் மாட்டிக்கொள்வார்கள்.

பாந்தியன், அதோடு சான் கிளெமெந்தே

என் வாக்கு இந்தப் பக்கம். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ரோமானியர் கட்டியதில் ஏறத்தாழ முழுசாக நிற்கும் பெரிய கட்டடம், கோயிலாக எழுந்த பாந்தியன்தான். முகப்பில் அக்ரிப்பா கட்டியதாக எழுதியிருக்கும், ஆனால் அவர் கட்டியது எரிந்துபோயிற்று. இப்போது நாம் பார்ப்பது ஹாட்ரியன் மன்னன் காலத்தில், கி.பி. 125 வாக்கில் முடிந்தது. பழைய பெயரையே மறுபடி வெட்டிவைத்த ஹாட்ரியன், தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. கி.பி. 609-இல் இதைத் தேவாலயமாக்கினார்கள். கட்டடம் தப்பியது அதனால்தான். பூசை நடக்கும் இடத்தில் யாரும் கல்லைப் பெயர்க்கத் துணியவில்லை. ஆளில்லாத கொலோசியத்தில் துணிந்தார்கள். இந்த வித்தியாசம் ரோம் முழுவதற்கும் பொருந்தும். பயன்பாட்டில் இருந்தது பிழைத்தது, விட்டுவிட்டது கல்லுடைப்பு ஆனது. ஆனாலும் முகமண்டபக் கூரையின் வெண்கலத்தை 17-ஆம் நூற்றாண்டில் ஒரு போப்பே கழற்றி எடுத்துக்கொண்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உள்ளே காலெடுத்து வைத்ததும் புரியும், யாரும் விளக்க வேண்டாம். தரையிலிருந்து உச்சி வரை 43.3 மீட்டர், குவிமாடத்தின் விட்டமும் அதே 43.3 மீட்டர். ஒரு முழு உருண்டையை உள்ளே வைத்தால் தொட்டும் தொடாமலும் பொருந்தும். கம்பி வைக்காத கான்கிரீட் குவிமாடங்களில் உலகத்திலேயே பெரியது இன்றும் இதுதான். செய்த விதம் சுவாரஸ்யம்: அடியில் கனமான கல் ஜல்லி, மேலே போகப் போக லேசான ஜல்லி, உச்சியில் தண்ணீரில் மிதக்கும் எரிமலை நுரைக்கல். சுவரின் தடிமனும் அடியில் ஆறு மீட்டர் அளவில் தொடங்கி உச்சியில் ஒன்றேகால் மீட்டருக்கு ஒடுங்கிவிடும். எடையைக் குறைக்கவே உட்புறம் சதுரம் சதுரமாகக் குடைந்திருக்கிறார்கள்; அழகு அதில் கிடைத்த உபரி. உச்சியில் சுமார் ஒன்பது மீட்டர் அகலத்துக்குத் திறந்த வட்டம். சன்னல் கிடையாது, கண்ணாடி கிடையாது. மழை பெய்தால் உள்ளேயே பெய்யும். தரை லேசாகச் சரிந்து, நடுவில் உள்ள சிறு துளைகள் வழியாகத் தண்ணீர் வடியும். வெயில் நாளில் அந்த ஒளிவட்டம் சுவரில் ஊர்ந்து போவதைப் பார்க்கவே பெஞ்சில் உட்காரலாம். ஓவியர் ரஃபேலின் கல்லறையும் உள்ளேதான்.

2023 ஜூலை வரை இலவசமாக இருந்தது, இப்போது 5 யூரோ. அரை மணி நேரம் தாராளம். ரோமில் கொடுத்த காசுக்கும் நின்ற நேரத்துக்கும் இதைவிட அதிகம் தருகிற இடம் எனக்குத் தெரிந்து இல்லை. திருப்பலி நேரத்தில் சுற்றுலாப் பயணிகளை விடமாட்டார்கள், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதோடு ஏன் சான் கிளெமெந்தேயைச் சேர்க்கிறேன் என்றால், ஒன்றின் மேல் ஒன்றாக எழுந்த ஊர் என்று எல்லோரும் சொல்வதைப் படியிறங்கிப் பார்க்கக்கூடிய இடம் அது. கொலோசியத்திலிருந்து சில நிமிட நடை. தெருவிலிருந்து நுழைவது 12-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். பலிபீடத்துக்கு மேலே பொன் பின்னணியில் மொசைக். அங்கிருந்து படி இறங்கினால் 4-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், இருட்டில் சுவரோவியங்கள். இன்னும் ஒரு தளம் இறங்கினால் முதல் நூற்றாண்டுக் கட்டடமும் குறுகிய சந்தும், அதன் ஓரத்தில் பழைய ரோமானியர் வணங்கிய மித்ரா என்ற தெய்வத்தின் குகைக்கோயிலும். காளையை வெட்டும் மித்ராவின் பலிபீடம் அப்படியே இருக்கிறது. எங்கோ கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இவ்வளவும் அடியில் இருப்பதே 1857 வரை யாருக்கும் தெரியாது. அந்த ஆலயம் 17-ஆம் நூற்றாண்டிலிருந்து ஐரிஷ் டொமினிக்கன் துறவிகளின் பொறுப்பில் இருக்கிறது. அவர்களில் ஜோசப் மல்லூலி என்பவர்தான் தோண்டத் தொடங்கினார். இரண்டாம் தளத்துச் சுவரோவியம் ஒன்றில், புனிதரைக் கட்டி இழுப்பதாக நினைத்துத் தூணை இழுக்கும் வேலையாட்களை எஜமான் பச்சையாகத் திட்டுகிறான். அந்த வசவு லத்தீனில் இல்லை, அன்றைய பேச்சுமொழியில் எழுதியிருக்கிறது. தேவாலயச் சுவரில் கெட்ட வார்த்தை. இத்தாலிய மொழியின் ஆரம்பகால எழுத்துச் சான்றுகளில் அதற்கும் ஓர் இடம். மேல் தளம் இலவசம், கீழே இறங்கச் சீட்டு. படிகள் ஈரம், வெளிச்சம் குறைவு. மூட்டு வலி உள்ளவர்கள் மேல் தளத்து மொசைக்கோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஓஸ்தியா ஆன்டிகா

ரோமின் துறைமுகப் பட்டினம். ரோம் என்றால் மன்னர்களும் படைத்தலைவர்களும் மட்டும்தானா, சாமானியர் எங்கே சாப்பிட்டார்கள், எங்கே குளித்தார்கள், எங்கே படுத்தார்கள் என்று கேட்கிறவருக்கான இடம். பீரமீதே மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்திலிருந்தே ரயில், சுமார் அரை மணி. நகரப் பேருந்துக்கு எடுக்கும் அதே 1.50 யூரோ டிக்கெட் போதும்.

டைபர் ஆறு கொண்டுவந்த வண்டல் துறைமுகத்தைத் தூர்த்தது, கடல் விலகிப்போனது, மலேரியா வந்தது, ஊர் காலியானது. 1557 வெள்ளத்தில் ஆறே தன் போக்கை மாற்றிக்கொண்டது. 1942-இல் நடத்தத் திட்டமிட்டிருந்த உலகக் கண்காட்சிக்குக் காட்டவேண்டும் என்று முசோலினி ஆட்சியில் அவசர அவசரமாகத் தோண்டியதில்தான் இன்று நாம் பார்க்கும் பெரும்பகுதி வெளியே வந்தது. போர் வந்ததால் கண்காட்சி நடக்கவில்லை, ஊர் மிஞ்சியது.

இங்கே எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். வண்டிச்சக்கரம் தேய்த்த கல்பாவிய தெரு. இருபுறமும் செங்கல் அடுக்குமாடிக் குடியிருப்புகள், மாடிப்படியோடு. சாப்பாட்டுக் கடை ஒன்றில் பளிங்கு மேடை, அதற்கு மேலே சுவரில் என்ன கிடைக்கும் என்று வரைந்த படம். மாவரைக்கும் கருங்கல் எந்திரங்கள் நிற்கும் ரொட்டிக்கூடம். தீயணைப்பு வீரர்களின் கொட்டடி. வரிசையாக ஓட்டை போட்ட பளிங்கு இருக்கைகளோடு ஒரு பொதுக் கழிப்பிடம். மறைப்புச் சுவரே கிடையாது, பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். குழந்தைகளுக்கு ரோமில் மிகப் பிடித்த இடம் எது என்று கேட்டால் கொலோசியத்தைவிட இதைச் சொல்ல வாய்ப்பு அதிகம்.

நான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வது அரங்கத்துக்குப் பின்னால் இருக்கும் வணிகர் சதுக்கத்துக்கு. நாற்புறமும் சிறு சிறு அலுவலகங்கள், ஒவ்வொன்றின் வாசல் தரையிலும் கறுப்பு வெள்ளை மொசைக்கில் விளம்பரப் பலகை: கலங்கரை விளக்கம், கப்பல், தானியம் அளக்கும் மரக்கால், யானை. யானை போட்ட வாசல் வட ஆப்பிரிக்காவின் சப்ராதா ஊர்க் கப்பல்காரர்களுடையது. கார்த்தேஜ், நார்பொன் என்று மத்தியதரைக் கடலே அந்தச் சதுக்கத்தைச் சுற்றிக் கடைபோட்டிருக்கிறது. ஃபோரத்துக்கு அடியில் மறைந்திருக்கும் மிளகுக் கிடங்கைவிட, கடல் வாணிபம் எப்படி நடந்தது என்பதை இந்தத் தரை தெளிவாகச் சொல்லும்.

ஓஸ்தியா போவதா, எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேயி நகருக்குப் போவதா என்று கேட்பவர்கள் உண்டு. சுவரோவியங்களுக்கும் எரிமலைக்கும் பாம்பேயிக்கு ஈடில்லை. ஆனால் ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு அதிவேக ரயில், அங்கிருந்து உள்ளூர் ரயில், திரும்பவும் அதே பாடு என்று ஒரு பகல் முழுக்கப் போய்விடும். இரண்டு நாள்காரருக்கு அது கட்டாது. ஓஸ்தியாவுக்கு அரை நாள் போதும், குடை பைன் மரங்களின் நிழல் உண்டு, கூட்டமும் குறைவு. குறை என்றால் தரை முழுக்க மேடுபள்ளம். சக்கர நாற்காலிக்குக் கடினம்.

மற்றவை, சுருக்கமாக

ஆப்பியன் சாலை கி.மு. 312-இல் போட்டது, 2024-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மூன்றாவது நாள் இருந்தால் நிச்சயம் போங்கள். இரண்டு நாளில் வேண்டாம். கராகல்லா குளியல் மாளிகையின் சுவர்கள் பிரமாண்டம், அதற்கும் இதே பதில். ட்ரேஜன் தூண் சாலையோரத்திலேயே நிற்கிறது. ஏறத்தாழ 30 மீட்டர் உயரம், சுற்றிச் சுற்றி ஏறும் போர்க் காட்சிகள். கேப்பிடோலிலிருந்து கொலோசியத்துக்கு நடக்கும்போது தானாக வரும். ட்ரெவி நீரூற்றுக்கு இரவு பதினொன்றுக்கு மேல் போனால் தண்ணீரையாவது பார்க்கலாம்.

யாருக்கு எது

முதல் தடவை வருகிறவர், நன்றாக நடப்பவர் என்றால்: முதல் நாள் காலையில் பாந்தியன், அங்கிருந்து நடந்தே கேப்பிடோலைன் குன்று, மேலிருந்து ஃபோரம், சாலை வழியே இறங்கி ட்ரேஜன் தூண், கொலோசியத்தை வெளியே ஒரு சுற்று, கடைசியாக சான் கிளெமெந்தே. நிலவறைச் சீட்டு கிடைத்திருந்தால் கொலோசியத்துக்கு உள்ளே. எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் வருகிறது, பேருந்தே தேவையில்லை. மறுநாள் ஓஸ்தியா அல்லது வாடிகன். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் இரண்டும் கெடும். ஓவியமும் சிற்பமும் பிடித்தவர் வாடிகனுக்கு, தெருவும் வீடும் பிடித்தவர் ஓஸ்தியாவுக்கு. நான் இரண்டாவது ரகம்.

அம்மா அப்பாவை அழைத்துப் போகிறீர்களா? ரோமின் தெருக்கள் கையளவு கறுங்கல் பதித்தவை. சமதளம் மாதிரித் தெரியும், பாதம் அரை மணியில் முறையிடும். அவர்களுக்கு ஃபோரமும் ஓஸ்தியாவும் வேண்டாம். பாந்தியன், புனித பேதுரு பேராலயம், நடுவில் ஒரு நல்ல மதியச் சாப்பாடு என்று வைத்தால் சந்தோஷமாக வருவார்கள். சைவம் என்றால் ஒன்று கவனியுங்கள்: மிளகும் பாலாடைக்கட்டியும் மட்டும் போட்ட கச்சோ எ பெப்பே பாஸ்தா கேட்கத் தோன்றும், நம் மிளகு ரசத்துக்குப் பழகிய நாக்குக்கும் பிடிக்கும், ஆனால் அதில் போடும் பெக்கொரீனோ கட்டியை உறைய வைப்பது ஆட்டுக்குட்டியின் இரைப்பைச் சாறு. கண்டிப்பான சைவர்கள் தக்காளிப் பாஸ்தாவைப் பாலாடைக்கட்டி இல்லாமல் கேட்டு வாங்கலாம்.

பள்ளி வயதுப் பிள்ளைகள் இருந்தால் கணக்கு மாறும். அரசு நடத்தும் தொல்லியல் இடங்களில் 18 வயதுக்குக் கீழ் இலவசம், எந்த நாட்டுக்காரராக இருந்தாலும். கொலோசியம், பாந்தியன், ஓஸ்தியா மூன்றும் இதில் அடங்கும். வாடிகன் தனி நாடு, அங்கே சலுகை வேறு. கொலோசியத்துக்குள் போயே தீரவேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தால் அழைத்துப் போங்கள். அவர்கள் மனதில் சண்டை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, காலி அரங்கம் அவர்களுக்குக் காலியாகத் தெரியாது.

கோடையில், அதிலும் ஜூலை, ஆகஸ்டில் வருகிறவர்கள் நடுப்பகலைக் கட்டடத்துக்குள் கழிக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்: சான் கிளெமெந்தேயின் கீழ்த்தளம், வாடிகன், கேப்பிடோலைன் அருங்காட்சியகம். தண்ணீர் பாட்டிலுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஊரெங்கும் தெருமுனைகளில் குட்டையான இரும்புக் குழாய்களில் குடிநீர் ஓயாமல் ஓடுகிறது, குளிர்ந்த, சுத்தமான தண்ணீர்.

முன்பதிவு

கொலோசியம் சீட்டு அதன் அதிகாரப்பூர்வத் தளத்தில் 30 நாளுக்கு முன்னால் திறக்கும். நிலவறைச் சீட்டு வேண்டுமென்றால் அந்த நாளையே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் வந்து "வரிசையில் நிற்காமல் போகலாம்" என்று கூவுகிறவர்களிடம் வாங்க வேண்டாம். பாதுகாப்புச் சோதனை வரிசையை யாராலும் தாண்டிவிட முடியாது. ரோமானியப் படைவீரன் வேடத்தில் தோளில் கைபோடுகிறவர் ஃபோட்டோவுக்குக் காசு கேட்பார். பல இடங்களுக்குச் சேர்த்து விற்கும் நகர அட்டை (ரோமா பாஸ்) வாங்கினால் வாடிகன் அதில் வராது. நான் சொன்ன வழியில் போகிறவருக்கு அந்த அட்டை பெரும்பாலும் லாபமில்லை.

கிழமையையும் பார்த்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை ஓஸ்தியா மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை வாடிகன் அருங்காட்சியகம் மூடியிருக்கும், மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர. அன்று மதியம் வரை இலவசம், அதனாலேயே போகக்கூடாத நாள். மாதத்தின் முதல் ஞாயிறு அரசு நடத்தும் இடங்கள் எல்லாம் இலவசம்: கொலோசியத்தில் அன்று கூட்டம் அள்ளும், ஓஸ்தியாவில் சமாளிக்கலாம். ஆக உங்கள் இரண்டு பகல் முதல் வாரத்து ஞாயிறும் திங்களுமாக அமைந்தால், ஞாயிறு ஓஸ்தியா, திங்கள் பாந்தியன் வழி என்று வைத்துக்கொள்ளுங்கள்.